கவிழ்ந்த படகின் காற்று

டாக்டர் காரிலிருந்து இறங்கும்போது காலை பத்தரை மணி. ஒரு மணிக்குள் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லிவைத்திருந்தார். முதல் காலைக் கீழே வைத்ததுமே புது ஷூ சேற்றில் புதைந்தது. அந்தச் சேற்றையும், அதற்கு அப்பால் ஓடிய ஆற்றையும், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற நீளமான பழைய கட்டடத்தையும் அவர் ஒரே பார்வையில் வெறுத்தார்.

வெறுப்பது அவருக்குச் சிரமமான வேலை இல்லை. இருபத்தெட்டு வருடமாக அதற்குத்தான் சம்பளம் வாங்கினார். விபத்தில் சிக்கி, வருடங்கள் கழிந்தும் உடம்பு சரியாகவில்லை என்று சொல்கிறவர்களைச் சோதித்து, நோய் நிஜமா நடிப்பா என்று எழுதிக் கொடுப்பது அவருடைய உத்தியோகம். நிஜம் என்று அவர் எழுதியதாக யாருக்கும் நினைவில்லை. 'பூரண குணம்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பே செய்துவைத்திருந்தார். கையால் எழுதி எழுதி விரல் வலிக்கிறதாம். அந்த உத்தியோகத்தில் அவர் நம்பிய ஒரே வலி அதுதான். நோயாளிகள் முதுகுக்குப் பின்னால் அவரைப் 'பூரணம்' என்று கூப்பிட்டார்கள்.

இன்றைக்கு வந்த வேலையும் அதேதான். நாலு வருடத்துக்கு முன்பு, அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் படகு ஒன்று நடு ஆற்றில் தலைகுப்புறக் கவிழ்ந்தது. அதில் பிழைத்த ஆறு பேர் இன்னும் இந்த வார்டில் படுத்துக்கொண்டு, "மூச்சு விட முடியவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கட்டடத்தைக் கேட்டுப் படகுத்துறை அலுவலகம் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டது. பழைய சாமான்களைப் போட்டுவைக்க இடம் வேண்டுமாம். ஆறு பேரையும் அனுப்பிவிடலாம் என்ற அறிக்கை நகரத்திலேயே டைப் செய்யப்பட்டு, டாக்டரின் பெட்டியில் வந்திருந்தது. சோதனை மட்டும்தான் பாக்கி. அதாவது, சோதனை செய்ததாக ஒரு கையெழுத்து.

வாசலில் நின்ற சிஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். வணக்கம் சொன்னார், ஆனால் சிரிக்கவில்லை. டாக்டர் ஷூவைப் படியில் தேய்த்துச் சேற்றை வழித்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

வெளியே நல்ல வெளிச்சம். உள்ளே பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. ஆற்றுப் பக்கமிருந்த ஜன்னல் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"இது என்ன கூத்து?"

"ஆத்தைப் பார்த்தா அவங்களுக்கு ஆகறதில்ல டாக்டர். அதான்."

"நாலு வருஷம் ஆச்சு சிஸ்டர். அப்போ பொறந்த குழந்தை இப்போ ஸ்கூலுக்கே போயிருக்கும். இவங்க இன்னும் தண்ணியைப் பார்த்து நடுங்குறாங்களா?"

 சிஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு முன்னே நடந்தார்.

வார்டில் பினாயில் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. டீசல். பழைய டீசலும் அழுகிய தண்ணீரும் கலந்த நாற்றம். ஆற்றிலிருந்து வருகிறது போலும் என்று டாக்டர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

ஆறு கட்டில்கள். ஒருவரும் படுத்திருக்கவில்லை. தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து, எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். முகவாயைத் தூக்கி, கழுத்தை நீட்டி. கழுத்துவரை தண்ணீர் நிற்கிறவர்கள் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வார்கள். டாக்டருக்கு அது தோன்றவில்லை. நடிப்புக்கு முன்பே ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

முதல் கட்டிலில் தையல்காரர். ஆறேழு மணி நேரம் குளிர்ந்த நீரில் கிடந்ததில் அவருடைய விரல்நுனிகள் செத்துப்போயிருந்தன. ஊசியைக் கொடுத்தால் எந்தப் பக்கம் கூர் என்று தெரியாது. டாக்டர் ஒரு குண்டூசியை எடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் அவர் விரலில் குத்தினார். ரத்தம் முத்தாக வந்தது. தையல்காரர் அதை வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பழகிட்டீங்க," என்றார் டாக்டர், மெச்சுகிற குரலில்.

அடுத்தவர் இன்ஜின்காரர். இன்ஜின் அறையில் தண்ணீர் அழுத்தி இரண்டு செவிப்பறையும் கிழிந்தவர். அவரோடு பேசிப் பயனில்லை. அதற்கடுத்த இரண்டு கட்டில்களிலும் சலவைக்கடையில் வேலை பார்த்த அக்காவும் தங்கையும். அவர்கள் விழுங்கிய நீரில் டீசல் கலந்திருந்தது. அது நுரையீரலைப் பொசுக்கித் தழும்பாக்கிவிட்டது. நாலு வருடமாக மாறி மாறிக் காய்ச்சல், சளி, இருமல். ஐந்தாவது கட்டிலில் கணக்கு வாத்தியார். மூளைக்குக் காற்று போதாமல் போனதில் அவருக்குச் சொற்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. பெருக்கல் வாய்ப்பாடு நினைவிருந்தது. சாக்பீஸுக்குப் பெயர் மறந்துவிட்டது. கடைசிக் கட்டிலில், படகில் டிக்கெட் கொடுத்த பெண்மணி. வார்டில் எல்லாரும் அவரை 'டிக்கெட் அக்கா' என்பார்கள்.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாத்தியாரின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினார். ஒரு நிமிடத்தில் ஐந்து மூச்சு. சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதன் பன்னிரண்டு மூச்சாவது விட வேண்டும். டிக்கெட் அக்காவை எண்ணினார். ஐந்து. தையல்காரர், ஐந்து.

பின்னால் இரண்டடி நகர்ந்து, ஆறு பேரையும் சேர்த்துப் பார்த்தார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

தையல்காரரின் நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு இன்ஜின்காரர். பிறகு அக்கா. பிறகு தங்கை. பிறகு வாத்தியார். பிறகு டிக்கெட் அக்கா.

மறுபடியும் தையல்காரர்.

ஒருவர் இழுக்கும்போது மற்ற ஐந்து பேரும் அசையாமல் இருந்தார்கள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "சபாஷ். இதை யார் சொல்லிக்கொடுத்தாங்க? நீங்களா சிஸ்டர்?"

வார்டில் யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர்தான் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"படகு கவுந்ததும் அடியில கொஞ்சம் காத்து மாட்டிக்கிச்சு டாக்டர். ஒரு சின்ன அறை அளவுதான் இருக்கும். ஒன்பது பேர் அதுக்குள்ள தலையைத் தூக்கிக்கிட்டு நின்னிருக்காங்க. கும்மிருட்டு. எல்லாரும் அலறி, மூச்சு வாங்கி, காத்து தீர்ந்துக்கிட்டே வந்திருக்கு. அப்போ அதுல ஒருத்தர் பேசினாராம். யாரும் கத்தாதீங்க, ஒவ்வொருத்தரா இழுங்க, நான் முறை சொல்றேன்னு."

"யாரு?"

"தெரியாது. பயணி. அவரோட முகத்தை யாரும் பார்க்கல. குரல் மட்டும்தான். ஆறு மணி நேரம் முறை சொல்லிக்கிட்டே இருந்தாராம். வெளியில இரும்பை வெட்டித் திறந்தப்போ ஏழு பேர் உயிரோட இருந்தாங்க. அவர் இல்ல. அவரைத் தேடி யாரும் வரவும் இல்ல."

"ஏழுங்கறீங்க. இங்க ஆறுதான் இருக்கு."

"ஒரு சமையல்காரர் இருந்தார். போன வருஷம் அவரோட மகன் வந்து, வீட்டுல வச்சுப் பார்த்துக்கறேன்னு கூட்டிக்கிட்டுப் போனார். பாலத்தைத் தாண்டினதும் ஆம்புலன்ஸ்லயே போயிட்டார். நானும் கூடப் போயிருந்தேன். சிலிண்டர் நிறையக் காத்து இருந்துச்சு டாக்டர். மாஸ்க் மூஞ்சியிலதான் இருந்துச்சு. அவர் இழுக்கவே இல்ல. முறை வரட்டும்னு காத்துக்கிட்டே இருந்தார்."

"மாரடைப்பு," என்றார் டாக்டர்.

"ஆமா. அப்படித்தான் எழுதினாங்க."

டாக்டருக்கு எரிச்சல் வந்தது. பேய்க்கதை கேட்கவா நாற்பது மைல் வந்தார்? பெட்டியைத் திறந்து, ஊதிப் பார்க்கும் கருவியை எடுத்து வாத்தியார் கையில் திணித்தார்.

"நல்லா இழுத்து, ஒரே மூச்சுல ஊதுங்க."

வாத்தியார் குழாயை வாயருகே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஊதுங்கய்யா."

"என் முறை... இன்னும் வரல சார்," என்று வாத்தியார் கிசுகிசுத்தார்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தொன்பது சார்."

"பசங்களுக்குப் பாடம் சொன்ன ஆளுதானே? வெக்கமா இல்ல?"

வாத்தியாரின் முகம் சிவந்தது. வாழ்நாள் முழுதும் இன்ஸ்பெக்டருக்கும் தலைமை ஆசிரியருக்கும் எழுந்து நின்ற மனிதர் அவர். டாக்டருக்கு அந்த வகை ஆட்களை நன்றாகத் தெரியும். எங்கே அதட்டினால் மடங்குவார்கள் என்றும் தெரியும்.

"இப்போ நான் மூணு எண்ணுவேன். மூணுன்னதும் நீங்க இழுக்கணும். முறையாவது மண்ணாவது. ஒண்ணு."

"டாக்டர், வேண்டாம்," என்றார் சிஸ்டர்.

"ரெண்டு."

"சார், தயவுசெஞ்சு..." டிக்கெட் அக்கா கட்டிலில் முன்னால் நகர்ந்தார்.

"மூணு! இழுய்யா!"

வாத்தியார் பயந்துபோய் இழுத்துவிட்டார்.

நன்றாகவே இழுத்து ஊதினார். கருவியின் முள் பாதிக்கு மேல் போனது. டாக்டர் வெற்றியோடு திரும்பி, "பார்த்தீங்களா? எங்கே போச்சு உங்க..." என்று ஆரம்பித்தார்.

டிக்கெட் அக்கா வாயைத் திறந்திருந்தார். உள்ளே எதுவும் போகவில்லை.

அவர் கைகள் போர்வையைப் பிசைந்தன. கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன. நெஞ்சு மட்டும் அசையவில்லை. யாரோ உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி.

"நல்லா பண்றீங்க," என்றார் டாக்டர். "நிறுத்துங்க, போதும்."

சிஸ்டர் ஓடிப்போய் டிக்கெட் அக்காவின் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டி, அதன் முகப்பை டாக்டரின் பக்கம் திருப்பிக் காட்டினார். தொண்ணூற்றொன்று. எண்பத்துநாலு. எழுபத்தாறு.

மனிதர்கள் நடிப்பார்கள். கிளிப் நடிக்காது.

டாக்டரின் கால்கள் தாமாக நடந்தன. இருபத்தெட்டு வருடத்தில் மங்கிப்போன ஏதோ ஒரு பழைய பழக்கம் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, டிக்கெட் அக்காவின் நெஞ்சில் வைத்தது.

இதயம் அடிப்பது கேட்கவில்லை. தண்ணீர் கேட்டது.

சளியின் கொறகொறப்பு அல்ல அது. நிறைய தண்ணீர். இரும்புச் சுவரில் மோதி, திரும்பி, மறுபடி மோதுகிற தண்ணீர். எங்கோ தூரத்தில், மேலே, யாரோ சுத்தியலால் தட்டுகிற ஓசை. டங். டங். டங். அதற்கு நடுவே நிறையப் பேருடைய பற்கள் குளிரில் கிடுகிடுக்கிற சத்தம்.

பிறகு ஒரு குரல்.

அவசரமில்லாத, களைத்துப்போன ஓர் ஆணின் குரல். காதுக்கு மிக அருகில்.

"யாரோ முறை தப்பிட்டாங்க. எல்லாரும் பொறுங்க. முதல்லேருந்து வரலாம்."

வார்டில் ஆறு நெஞ்சுகளும் நின்றன.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். தையல்காரர், இன்ஜின்காரர், அக்கா, தங்கை, வாத்தியார், டிக்கெட் அக்கா. ஆறு பேரும் முகவாயைத் தூக்கி, கண்களை மூடிக்கொண்டு, கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் ஒருவர்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், அதுவும் அழுகையாக.

டீசல் நாற்றம் திடீரென்று கனத்தது.

"புதுசா யாரோ வந்திருக்காங்க," என்றது குரல்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து பிடுங்கினார். அது தரையில் விழுந்தது.

"காட்டுக்கத்தல் கத்தினது நீங்கதானே?"

குரல் நிற்கவில்லை. இப்போது அது காதுக்கு வெளியே இல்லை.

"நீங்க பொறுங்க."

டாக்டருக்கு மூச்சு நின்றது.

அவர் வாயைத் திறந்தார். காற்று இருந்தது, உதட்டில் அது படுவதுகூடத் தெரிந்தது. இழுக்கத்தான் முடியவில்லை. இழுக்கிற தசை எங்கே இருக்கிறது என்பதே உடம்புக்கு மறந்துவிட்டது. கண்முன்னே பொடிப்பொடியாகக் கறுப்பு விழுந்தது. கழுத்துவரை சில்லென்று ஏதோ ஏறியது. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக, தான் சொல்வதை யாராவது நம்ப மாட்டார்களா என்று அவர் ஏங்கினார். சொல்வதற்குத்தான் மூச்சு இல்லை.

"அம்மா, இப்போ நீங்க," என்றது குரல்.

டிக்கெட் அக்கா ஓவென்ற ஓசையோடு இழுத்தார்.

"தையக்காரரே, இப்போ நீங்க."

தையல்காரர். இன்ஜின்காரர். பிறகு அக்கா. பிறகு தங்கை. குரல் ஒவ்வொருவரையும் அன்பாகக் கூப்பிட்டது. வாத்தியாருக்கு, "பயப்படாதீங்க, உங்க தப்பு இல்ல" என்று ஆறுதல்கூடச் சொன்னது.

ஆறு முறையும் முடிந்தன.

ஏழாவதாக யாரையும் கூப்பிடவில்லை.

டாக்டர் முழங்காலிட்டிருந்தார். எப்போது விழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

குரல் யோசித்தது. அந்த யோசனை அவருக்குக் கேட்டது.

"சரி," என்றது கடைசியில். "நீங்களும்."

காற்று வந்தது. வெதுவெதுப்பாக, ஈரமாக, டீசல் நெடியோடு. யார் யாரோ இழுத்து விட்ட எச்சில் காற்று. டாக்டர் அதை அமிர்தம்போல் இழுத்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது, அவரைத் தெரிந்தவர்களுக்கு ஆச்சரியம் தராது. ஓடினார். ஆறு பேரையோ, சிஸ்டரையோ திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். சேற்றில் ஒரு ஷூ கழன்று நின்றது. அதை அங்கேயே விட்டுவிட்டுக் காருக்குள் விழுந்து, "எடு, எடு" என்றார்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "என்ன சார், சாப்பாட்டுக்கா? இன்னும் பன்னிரண்டுகூட ஆகலியே."

"எடுடா!"

கார் ஆற்றங்கரைச் சாலையில் ஓடியது. டாக்டர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். மூச்சு வந்தது. மெதுவாக வந்தது, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டு வந்தது, ஆனாலும் வந்தது. மனப்பிராந்தி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த ஆறு பேரும் கூட்டாகச் சேர்ந்து ஒரு சுத்தமான மனிதரின் மூளையைக் குழப்பிவிட்டார்கள். நகரத்துக்குப் போனதும் முதல் வேலையாக அறிக்கையில் ஸ்டாம்பைக் குத்த வேண்டும். ஒன்றல்ல, ஆறு. ஆத்திரத்தில் பெட்டியைத் திறந்து, மடியில் அறிக்கையை விரித்துக்கொண்டு, ஸ்டாம்பைக் கையிலும் எடுத்துவிட்டார்.

கார் பாலத்தில் ஏறியது. இறங்கியது.

மூச்சு வரவில்லை.

அவர் காத்திருந்தார். ஒருவர், இரண்டு பேர், மூன்று பேர் என்று மனதுக்குள் எண்ணினார். ஆறு எண்ணி முடித்து, மறுபடி ஆறு எண்ணினார். யாரும் கூப்பிடவில்லை. அங்கே எந்தக் குரலும் இல்லை. காருக்குள் ஏசி காற்று ஜில்லென்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தபோது சாரின் முகம் பேனா மை நிறத்தில் இருந்தது. சார் இரண்டு கைகளாலும் சீட்டை அறைந்து, பின்னால், பின்னால் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

டிரைவர் நல்ல ஆள். கேள்வி கேட்காமல், பாலத்தின் மேலேயே பின்னோக்கி ஓட்டினார்.

சிஸ்டர் வாசலில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு ஷூவோடு நொண்டியபடி வந்த டாக்டரைப் பார்த்து அவருக்கு இரக்கமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. ஒதுங்கி வழி விட்டார்.

"டாக்டர், உள்ளே வரும்போது கொஞ்சம் மெதுவா," என்றார். "சலவை அக்காவுக்கு இப்போதான் இருமல் நின்னுது."

டாக்டர் சிஸ்டரின் மேஜைக்குப் போனார். டைப் செய்த அறிக்கையை நாலாகக் கிழித்தார். புதுத் தாளில், கையால், விரல் வலிக்க வலிக்க எழுதினார். மூச்சுமுட்டி மூழ்கிப் பிழைத்தவர்களுக்கு நுரையீரல் தழும்பும், நரம்புச் சேதமும், ஞாபகக் குறைவும் வருடக்கணக்கில் நீடிக்கும் என்றும், இந்த ஆறு பேரின் நோயும் சந்தேகத்துக்கு இடமில்லாதது என்றும், வார்டை எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது என்றும், நிரந்தரமாக ஒரு மருத்துவர் இங்கேயே தங்குவது அவசியம் என்றும், அதற்குத் தானே தயார் என்றும். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. இருபத்தெட்டு வருடத்தில் அவர் எழுதிய முதல் உண்மை அது. அதையும் தன் ஒரு உயிருக்காகத்தான் எழுதினார்.

படகுத்துறை அலுவலகம் முணுமுணுத்துவிட்டு வேறு இடம் தேடிக்கொண்டது. நகரத்தில் டாக்டரைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். பெரிய பதவியை உதறிவிட்டு ஆற்றங்கரையில் ஏழைகளுக்காக உட்கார்ந்துவிட்டாராம். அவர் மனைவி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் வர அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வார்டில் அவரை யாரும் குத்திக்காட்டவில்லை. அது அவருக்குக் குத்திக்காட்டியதைவிட அதிகமாக வலித்தது. தையல்காரர் தன் தலையணை ஒன்றைக் கொடுத்தார். எப்படி நிமிர்ந்து உட்கார்ந்தால் தூங்கலாம் என்று வாத்தியார் காட்டினார். டிக்கெட் அக்கா மட்டும் ஒருநாள் கேட்டார்.

"சார், உங்ககிட்ட அவரு பேசறாரா?"

"பேசறார்."

"எங்ககிட்ட இப்போல்லாம் அவ்வளவா பேசறதில்ல," என்றார் அக்கா. அதில் வருத்தம் இருந்ததா நிம்மதி இருந்ததா என்று டாக்டருக்குப் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வார்டின் எக்ஸ்ரே அறையில் ஆறு பேரையும் ஒவ்வொருவராக நிறுத்தி அவரே படம் எடுத்தார். கடைசியாக, சிஸ்டரைப் பட்டனை அழுத்தச் சொல்லி, தன் நெஞ்சையும் எடுத்துக்கொண்டார். ஆறு பேரின் படத்திலும் வெள்ளைத் தழும்புகள் சிலந்திவலையாகப் பரவியிருந்தன. அவருடைய படம் கண்ணாடிபோல் சுத்தம். நோய் இல்லை, நீர் இல்லை. அவர் தன் அறைச் சுவரிலிருந்த, எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் அதை மாட்டிவைத்தார். பழைய திமிர் கொஞ்சம் திரும்பியது. எல்லாம் மனசுதான் என்று சத்தமாகவே சொன்னார்.

மறுநாள் காலை விளக்குப் பெட்டியின் சுவிட்சைப் போட்டார்.

படத்தில், இரண்டு நுரையீரல்களின் அடியிலும், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. கோட்டுக்குக் கீழே எல்லாம் வெள்ளை. எக்ஸ்ரேயில் தண்ணீர் அப்படித்தான் தெரியும்.

வேறு யாருடைய படமோ என்று பார்த்தார். மூலையில் அவருடைய பெயர், முந்தைய நாள் தேதி. கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. பேனாவை எடுத்து, வெள்ளைக் கோட்டின் மேலேயே ஓர் அடையாளக் கோடு போட்டார்.

சாயங்காலம் பார்த்தபோது பேனாக் கோடு தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது.

"சிஸ்டர்!" என்று கத்தப்போனவர் வாயை மூடிக்கொண்டார். அவர் முறை இன்னும் வரவில்லை. வார்டுக்கு ஓடினார்.

வாத்தியார் மல்லாந்து படுத்திருந்தார். தலையணை இல்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தைபோல், வேகவேகமாக, தன் இஷ்டத்துக்கு மூச்சு விட்டபடி தூங்கிக்கொண்டிருந்தார். கட்டில் ஓரத்தில் நின்ற சிஸ்டர், வாயில் விரலை வைத்து, எழுப்பாதீங்க என்று ஜாடை காட்டினார்.

மூன்றாம் நாள் சலவை அக்கா தலையணையில்லாமல் படுத்துத் தூங்கினார். நான்காம் நாள் தங்கை. தையல்காரர் ஊசியில் குத்திக்கொண்டு "ஸ்ஸ்" என்று கத்திவிட்டு, கத்தியதற்காக அழுதார். டிக்கெட் அக்கா ஆற்றுப் பக்க ஜன்னலில் நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டி, ஒரு காசு அளவு ஓட்டை போட்டு, தண்ணீரை எட்டிப் பார்த்தார்.

டாக்டர் தன் அறையில் நாற்காலியில் நிமிர்ந்து, முகவாயைத் தூக்கி, உட்கார்ந்திருக்கிறார். எதிரே விளக்குப் பெட்டி எரிகிறது. படத்தில் இதுவரை ஒன்பது பேனாக் கோடுகள். ஒன்பதுக்கும் மேலே, கழுத்தெலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே, தண்ணீர் நிற்கிறது.

இன்று மத்தியானம் அவர் படத்தைக் கழற்றி, கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தார். இடது பக்கம் சாய்த்தார். வலது பக்கம் சாய்த்தார். எலும்புகள் சாய்ந்தன, அவருடைய பெயர் சாய்ந்தது, பேனாக் கோடுகள் எல்லாம் சாய்ந்தன.

அந்த வெள்ளைக் கோடு மட்டும் சாயவில்லை. படத்துக்குள், எந்தப் பக்கம் திருப்பினாலும், அது மட்டமாகவே நின்று, மெல்ல அலைந்தது.